27 கியர்கள் உண்டு, மேடு ஏறுமா?

சாய்வு நாற்காலியில் அமர்ந்து, கால்களை முன்னே நீட்டிச் சைக்கிள் ஓட்ட முடியுமா? முடியும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பலர் இப்படித்தான் நெடும்பயணம் போகிறார்கள். இதனைச் சாய்வு சைக்கிள் என்று குறிப்போம். முதுகுக்குச் சாய்மானம் உண்டு. பெடல்கள் காலுக்கு அடியில் இல்லாமல் காலுக்கு எதிரே இருக்கும். இரண்டு சக்கர வகை உண்டு. முன்னே இரண்டு, பின்னே ஒன்று என மூன்று சக்கர வகையும் உண்டு.

இவ்வண்டியைப் பற்றி இரு வேறு பேச்சுகள் உலவுகின்றன. விற்பவர்கள் சொல்வது: "காற்று இதைத் தடுக்காது, முதுகு வலி வராது, 27 கியர்கள் இருக்கின்றன." பிடிக்காதவர்கள் சொல்வது: "சமவெளியில் பறக்கும், மேட்டைக் கண்டால் படுத்துவிடும்." வாசகர்களே, இரண்டையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். மேட்டில் இவ்வண்டி தடுமாறுவது உண்மை. ஆனால் அந்தக் குறையின் பெரும் பகுதி வண்டியின் வடிவத்தில் இல்லை. அதனுடன் பொருத்தித் தரப்படும் பற்சக்கரங்களில் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் சிறிது வரலாறு. பிரான்சைச் சேர்ந்த ஷார்ல் மோஷே என்பவர் அமைத்த சாய்வு சைக்கிளில், பிரான்சிஸ் ஃபோர் என்ற வீரர் 1933ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. ஓட்டிக் காட்டினார். 1914 முதல் அசையாமல் நின்றிருந்த 44.247 கி.மீ. சாதனை அன்று முறிந்தது. ஃபோர் முதல் வரிசை வீரர் அல்லர். வண்டிதான் அவரை வெல்ல வைத்தது. மறு ஆண்டே, அதாவது 1934இல், சர்வதேச சைக்கிள் சங்கம் பந்தய சைக்கிளுக்கு ஓர் இலக்கணம் வகுத்துச் சாய்வு சைக்கிளை வெளியே தள்ளிவிட்டது. பந்தயம் இல்லையேல் பெரிய உற்பத்தியும் இல்லை. ஆகவே இன்றளவும் சாய்வு சைக்கிளைச் செய்வோர் சிறு தொழிற்கூடக்காரர்களே. கியரும் செயினும் அவர்களுக்கென்று தனியாக யாரும் வார்த்துத் தருவதில்லை. நிமிர்ந்த சைக்கிளுக்காகச் செய்ததைக் கடன் வாங்கி மாட்டுகிறார்கள். அடுத்தவன் அளவுக்குத் தைத்த சட்டையை அணிந்தால் எங்காவது பிடிக்கத்தானே செய்யும்? இங்கே பிடிப்பது மேட்டில்.

கியரை எதனால் அளப்பது? "27 கியர்" என்ற எண்ணிக்கையால் அல்ல. பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் வண்டி எத்தனை மீட்டர் நகர்கிறது என்பதே சரியான அளவு. இதைச் சுற்றுத்தூரம் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிது. முன் பற்சக்கரத்தின் பற்களைப் பின் பற்சக்கரத்தின் பற்களால் வகுத்து, ஓட்டும் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்க வேண்டும். உங்கள் வீட்டுச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பற்களை எண்ணிப் பாருங்கள். ஒரு நூலால் டயரைச் சுற்றி அளந்து கொள்ளுங்கள். பெருக்கி முடித்ததும், தரையில் ஒரு கோடு போட்டு வண்டியைப் பெடலின் ஒரு சுற்றுக்கு உருட்டிச் சரிபார்க்கலாம். சுற்றுத்தூரம் கூடினால் வேகம். குறைந்தால் மேடேறும் வலிமை.

இப்போது ஓர் உண்மையான மலைக்குப் போவோம். இத்தாலியின் வடக்கே ஆல்ப்ஸ் மலையில் ஸ்டெல்வியோ கணவாய் இருக்கிறது. பிராத்தோ என்ற ஊரிலிருந்து ஏறினால் 24.3 கி.மீ. பாதை, 48 கொண்டை ஊசி வளைவுகள், 1,808 மீட்டர் ஏற்றம். சராசரிச் சரிவு நூற்றுக்கு 7.4. வண்டி, மூட்டை, ஓட்டுநர் ஆகிய மூன்றும் சேர்ந்து 100 கி.கி. எடை என்று கொள்வோம். ஓட்டுபவர் வீரர் அல்லர், நம்மைப் போன்றவர். மணிக்கணக்கில் 120 வாட் திறன் தரக்கூடியவர். செயின் உராய்வில் சிறிது போக, சக்கரத்துக்கு 114 வாட் போய்ச் சேருகிறது. புவியீர்ப்பை எதிர்க்க ஏறக்குறைய 73 நியூட்டன், டயர் உருள 6 நியூட்டன், ஆக 79 நியூட்டன் விசை தேவை. இத்தனை குறைந்த வேகத்தில் காற்றின் தடையை மறந்துவிடலாம். அப்படியானால் வேகம் விநாடிக்கு 1.45 மீட்டர், அதாவது மணிக்கு 5.2 கி.மீ. மலையுச்சியை அடைய 4 மணி 40 நிமிடம் ஆகும்.

வேகத்தை இங்கே கியர் தீர்மானிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மலையும் உடம்பும் தீர்மானித்துவிட்டன. கியர் தீர்மானிப்பது ஒன்றைத்தான்: அந்த 120 வாட்டை எந்த வடிவில் கால் கொடுக்க வேண்டும் என்பதை.

விற்பனையில் காணும் ஒரு பொதுவான அமைப்பை எடுத்துக்கொள்வோம். முன்னே 30, 42, 52 பற்கள். பின்னே 11 முதல் 32 வரை 9 சக்கரங்கள். பெரிய பின்சக்கரம், சுற்றளவு 2.1 மீட்டர். மிகத் தாழ்ந்த கியரில் சுற்றுத்தூரம் 1.97 மீட்டர். ஸ்டெல்வியோவில் இதனுடன் ஏறினால் பெடல் நிமிடத்துக்கு 44 முறைதான் சுற்றும். 17 செ.மீ. நீளமுள்ள கிராங்கில் சராசரி மிதிவிசை 153 நியூட்டன். மிதி ஒரே சீராக விழுவதில்லை. ஒவ்வொரு காலும் மாறி மாறி உதைக்கிறது. ஆகவே உச்ச விசை இதைப் போலப் பெரும் மடங்கு. சுற்றுத்தூரம் 1.08 மீட்டராக இருந்தால்? நிமிடத்துக்கு 80 சுற்றுகள். சராசரி மிதிவிசை 84 நியூட்டன். வேலை அதேதான், நேரம் அதேதான். முழங்காலுக்கு மட்டும் அது பாதி பாரம்.

"நிமிர்ந்த சைக்கிள்காரரும் இதே 1.97 மீட்டருடன்தானே ஏறுகிறார்? அவர் முணுமுணுப்பதில்லையே?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அவரிடம் கணக்கில் வராத ஒரு கியர் இருக்கிறது. செங்குத்தான இடம் வந்ததும் இருக்கையை விட்டு எழுந்து, உடம்பின் முழு எடையையும் பெடல் மேல் போட்டு மிதிக்கிறார். தசைகளுக்கும் அது ஒரு மாற்றம், ஓர் ஓய்வு. சாய்வு சைக்கிளில் எழுந்து நிற்க வழியில்லை. பெடல் கீழே இல்லை, எதிரே இருக்கிறது. எடை இருக்கையில் கிடக்கிறது. பெடலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இதைவிட மோசமான இன்னொன்றும் உண்டு. நிமிர்ந்த சைக்கிளில் உட்கார்ந்தபடி உங்கள் எடையை மீறி மிதித்தால் உடம்பு இருக்கையிலிருந்து எழும்பிவிடும். இயற்கையே அங்கே ஒரு வரம்பு போட்டிருக்கிறது. சாய்வு சைக்கிளில் முதுகுக்குப் பின்னால் சாய்மானம் இருக்கிறது. சுவரில் முதுகை முட்டுக் கொடுத்துப் பீரோவைக் காலால் தள்ளுவது போல, எடையை மீறியும் உதைக்கலாம். வரம்பு இல்லை. கியர் தாழ்வாக இல்லாதபோது, புதிதாக ஓட்டுபவர் இந்த வசதியைத்தான் பயன்படுத்துகிறார். முதல் நாள் மகிழ்ச்சி. சில நாளில் முழங்கால் வலி. பின்பு வண்டி கொட்டகைக்குப் போகிறது. "சாய்வு சைக்கிள் மேடேறாது" என்ற தீர்ப்பில் பாதி இப்படிப் பிறந்ததுதான் என்பது என் கருத்து.

27 என்ற எண்ணின் பெருமையையும் சற்றுத் தட்டிப் பார்ப்போம். மேலே சொன்ன அமைப்பில் மிக உயர்ந்த கியர் மிகத் தாழ்ந்ததைப் போல 5.04 மடங்கு. ஜெர்மனியின் ரோலாஃப் நிறுவனம் செய்யும், சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே அடங்கிய கியர் அமைப்பில் 14 கியர்கள் மட்டுமே. ஆனால் அதன் வீச்சு 5.26 மடங்கு. 27ஐ விட 14 அதிகம்! விந்தை ஒன்றுமில்லை. 27இல் பல ஒன்றன் மேல் ஒன்று விழுகின்றன. முன்னே 42, பின்னே 16 வைத்தாலும், முன்னே 52, பின்னே 20 வைத்தாலும் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றே. எண்ணிக்கையை அட்டையில் பெரிதாக அச்சிடுவோர், மிகத் தாழ்ந்த சுற்றுத்தூரத்தையும் பக்கத்தில் அச்சிட்டால் வாங்குபவருக்கு எவ்வளவோ உதவியாக இருக்கும்.

சாய்வு சைக்கிளுக்கு எவ்வளவு வீச்சு வேண்டும்? இங்கேதான் அதன் இயல்பே சிக்கலை உண்டாக்குகிறது. காற்றுத்தடை குறைவாதலால் இறக்கத்தில் இது விரைந்தோடும். 8 மீட்டர் சுற்றுத்தூரம் இருந்தாலும் கால் அதற்கு ஈடுகொடுக்கும். ஏற்றத்திலோ 1 மீட்டர் வேண்டும். ஆக 8 மடங்கு. கடன் வாங்கிய எந்தக் கியரும் இதை எளிதில் தராது. எனவே ஒரு பக்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. தயாரிப்பாளர்கள் விட்டுக்கொடுப்பது எப்போதும் கீழ்ப்பக்கத்தையே. என் தீர்ப்பு நேர்மாறானது. இறக்கத்தில் உயர் கியர் இல்லையென்றால் நஷ்டம் என்ன? சும்மா உட்கார்ந்து உருண்டு போகலாம். ஏற்றத்தில் தாழ்ந்த கியர் இல்லையென்றால் இறங்கித் தள்ள வேண்டும். தரையோடு தரையாக இருக்கும் மூன்று சக்கர வண்டியை, மூட்டையுடன், குனிந்துகொண்டே தள்ளிப் போவது எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

தள்ளவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். மூட்டுவாதம், நரம்புத் தளர்ச்சி, உடற்சமநிலைக் குறைவு முதலிய காரணங்களால் சாதாரண சைக்கிளை விட்டவர்கள் பலர் மூன்று சக்கரச் சாய்வு வண்டிக்கு வருகிறார்கள். அவர்களால் 100 மீட்டர் மேட்டை நடந்து கடக்க முடியாது. வண்டி நின்றால் அவர்களும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். அவர்களுக்குத் தாழ்ந்த கியர், சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போல.

சரி, எப்படித் தாழ்த்துவது? மலிவான வழி முன்னே இருக்கும் சிறிய பற்சக்கரத்தை மேலும் சிறியதாக்குவது. 30 பற்களைக் கழற்றிவிட்டு 24 மாட்டினால் ஐந்தில் ஒரு பங்கு தாழும். எவ்வளவு சிறியதாக மாட்டலாம் என்பது கிராங்கில் திருகு மறைகள் அமைந்த வட்டத்தைப் பொறுத்தது. அவ்வட்டத்தின் விட்டம் 74 மி.மீ. எனில் 24 பற்களுக்குக் கீழே போக முடியாது, 64 மி.மீ. எனில் 22 வரை போகலாம். 30-42-52 வைத்து விற்கப்படும் பல கிராங்குகளில் உள்வட்டம் அந்த 74 மி.மீ. தான். அதாவது 24 பற்களுக்கு இடம் இருந்தும் 30ஐ மாட்டி அனுப்புகிறார்கள்! இதற்கு எந்தச் சமாதானமும் எனக்குத் தென்படவில்லை.

இம்மாற்றத்தில் ஒரு தொல்லை உண்டு. 42இலிருந்து 24க்கு இறங்குவது பெரிய தாவல். செயின் உட்பக்கம் நழுவி விழக்கூடும். நடுச்சக்கரத்தை 39 ஆக்கி, செயின் நழுவாதபடி ஒரு சிறு தடுப்பு பொருத்தினால் பெரும்பாலும் தீரும்.

"சிறிய முன்சக்கரம் வைத்தால் செயின் அறுந்துபோகும்" என்று பலர் எச்சரிப்பதுண்டு. இதை ஆராய்வது சுவையானது. ஒரே விசையுடன் உதைத்தால், சிறிய சக்கரத்தில் செயினின் இழுவை கூடும் என்பது உண்மை, நெம்புகோல் விதிதான். ஆனால் ஒரே மலையில் ஒரே விசையுடன் உதைக்க வேண்டிய தேவை என்ன? மலை கேட்பது 79 நியூட்டன். அதைச் சக்கரத்தின் ஆரத்தால் பெருக்கிப் பின் பற்சக்கரத்தின் ஆரத்தால் வகுத்தால் செயினின் இழுவை வந்துவிடும். இந்தக் கணக்கில் முன் பற்சக்கரம் எங்கேயும் வரவில்லை! பெரிய பின்சக்கரமும் 32 பற்களும் இருந்தால் சராசரி இழுவை 400 நியூட்டனை ஒட்டியது. 20 அங்குலச் சக்கரமும் 36 பற்களும் இருந்தால் 260 நியூட்டன் அளவே. செயினைக் காப்பது பெரிய பின் பற்சக்கரமும் சிறிய ஓட்டுசக்கரமும். காலைக் காப்பது இவற்றோடு சிறிய முன் பற்சக்கரமும். சாய்வு சைக்கிளில் செயின் மிக நீளமானது. இருக்கைக்கு அடியில் ஒரு கப்பியைச் சுற்றித் திசை மாறிப் போகிறது. இழுவை குறைந்தால் அந்தக் கப்பியின் உராய்வும் குறையும். ஆகவே பின்னே பற்களைக் கூட்டுவதையும் முன்னே குறைப்பதையும் போட்டி வழிகளாகப் பார்க்காமல், முடிந்தால் இரண்டையும் செய்வதே மேல்.

முடியாமற் போவது பெரும்பாலும் டெரெய்லரால். செயினை ஒரு சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளும் இக்கருவிதான் தளர்ச்சியையும் சுருட்டி வைத்துக்கொள்கிறது. முன்னே 24 முதல் 52, பின்னே 11 முதல் 36 என்றால் அது 28ம் 25ம் சேர்த்து 53 பற்கள் அளவு தளர்ச்சியை விழுங்க வேண்டும். நீண்ட கைகொண்ட டெரெய்லர்களும் 45 பற்கள் அளவோடு நின்றுவிடுகின்றன. கடைக்காரர் இதைச் சொல்லி மறுத்துவிடுவார். அவர் சொல்வது நிமிர்ந்த சைக்கிளுக்குப் பொருந்தும். சாய்வு சைக்கிள்காரர் சற்றுத் துணியலாம். செயினின் நீளத்தைப் பெரியது-பெரியது சேர்க்கைக்குப் போதுமாறு வெட்டிக்கொள்ள வேண்டும். இதில் தவறினால் டெரெய்லரே பிய்ந்துவிடும். சிறியது-சிறியது சேர்க்கையில் செயின் தொய்யும். அந்தச் சேர்க்கையை யாரும் பயன்படுத்தத் தேவையே இல்லை.

சக்கரத்தைச் சிறிதாக்குவது காசில்லாத கியர் போன்றது. 20 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு 1.52 மீட்டர். 24க்கு 36 வைத்தால் சுற்றுத்தூரம் 1.01 மீட்டர். ஸ்டெல்வியோவில் நிமிடத்துக்கு 86 சுற்றுகள். நூற்றுக்கு 11 சரிவுள்ள துண்டு வந்தால் நம் ஓட்டுநரின் வேகம் விநாடிக்கு 1 மீட்டராகக் குறையும். அங்கும் 59 சுற்றுகள் கிடைக்கும். இது நல்ல அமைப்பு.

மூன்று சக்கர வண்டிக்கு, என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு சக்கரச் சாய்வு சைக்கிள் மணிக்கு 5 கி.மீ. வேகத்துக்குக் கீழே தள்ளாடத் தொடங்கும். உடம்பை அசைத்துச் சமன் செய்ய இடமில்லை. ஹேண்டில்பார் ஒன்றே கதி. 1 மீட்டர் சுற்றுத்தூரம் இருந்தும், மணிக்கு 3.6 கி.மீ. வேகத்தில் அதை ஓட்ட முடியாவிட்டால் என்ன பயன்? 1.3 மீட்டருக்குக் கீழே இறங்கச் செலவிடும் பணம் இரு சக்கரக்காரருக்கு வீண் என்பேன். மூன்று சக்கரத்துக்கு இந்த வரம்பு இல்லை; நத்தை வேகத்திலும் சாயாது. அங்கே வரம்பு வேறு: சரளையிலும் ஈரத்திலும், எடை குறைந்த ஒற்றைப் பின்சக்கரம் பிடிப்பின்றிச் சுழலும். மூட்டைகளைப் பின்சக்கரத்தின் மேல் ஏற்றினால் ஓரளவு சரியாகும்.

பணம் உள்ளவர்களுக்கு இன்னொரு வழி சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. ஷ்லும்ப் என்பவரின் பெயரால் வழங்கும் மலைக்கியர், கிராங்கின் அச்சுக்குள்ளேயே கோள் பற்சக்கரங்களை வைத்திருக்கிறது. அச்சின் நுனியில் ஒரு பொத்தான். குதிகாலால் தட்டினால் 2.5இல் ஒன்றாகக் கியர் இறங்கிவிடும். 50 பற்சக்கரம் ஒரே தட்டில் 20 ஆகிறது. முன் டெரெய்லர் தேவையில்லை. பின்னே 11 முதல் 34 வைத்து, 20 அங்குலச் சக்கரத்தில் கணக்கிட்டால் 0.89 மீட்டர் முதல் 6.9 மீட்டர் வரை கிடைக்கிறது. நாம் கேட்ட 8 மடங்கை ஏறக்குறைய எட்டிவிட்டது. எடையும் விலையும் கூடுதல். தாழ்ந்த கியரில் சிறிது ஆற்றல் உராய்வில் போகும்.

இதற்கும் குடத்துக்குள் அமைந்த கியர்களுக்கும் பொதுவான ஒரு சிறப்பு உண்டு. அதை விளம்பரங்கள் அழுத்திச் சொல்வதில்லை. டெரெய்லர் கியரை மாற்றப் பெடல் சுழல வேண்டும். பாரமும் குறைவாக இருக்க வேண்டும். உயர்ந்த கியரில் வந்துகொண்டிருக்கும்போது வளைவில் திடீரென்று மேடு எதிர்ப்பட்டு, மாற்றும் முன்பே வண்டி நின்றுவிட்டால், சாய்வு சைக்கிள்காரர் எழுந்து மிதித்துக் கிளம்ப முடியாது. அகப்பட்டுக்கொண்டார். குடத்துக்குள் அமைந்த கியரை நின்ற இடத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். பழைய ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர்ச் சைக்கிளை ஓட்டியவர்களுக்கு இது தெரியும். அம்மூன்று கியரையும் டெரெய்லரையும் இணைத்து ஸ்ராம் நிறுவனம் செய்த கலப்பு அமைப்பு மூன்று சக்கர வண்டிகளில் மிக விரும்பப்பட்டது. நின்றபடியே 73 சதவீதத்துக்கு இறங்கலாம். அதன் தயாரிப்பு நிறுத்தப்பட்டது பெரிய இழப்பு.

"மோட்டார் வைத்துவிட்டால் போயிற்று" என்பது இன்றைய பதில். ஐரோப்பாவில் இத்தகைய சைக்கிளின் மோட்டாருக்குத் தொடர் திறன் 250 வாட் என்று சட்டம் வரம்பு கட்டியுள்ளது. மெதுவாகச் சுழலும் மோட்டார் மின்சாரத்தின் பெரும் பகுதியை வெப்பமாக வீணாக்கும். பெடலருகே பொருத்தப்படும் மோட்டாருக்கும் காலைப் போலவே தாழ்ந்த கியர் வேண்டும். பாட்டரி வழியில் தீர்ந்துவிட்டால், மோட்டாரின் எடையையும் சேர்த்துக் காலே சுமக்க வேண்டும்.

மலைச் சைக்கிள் உலகில் இப்போது முன்னே ஒரே சக்கரம், பின்னே 10 முதல் 51 பற்கள் என்ற முறை பரவிவிட்டது. மூன்று முன்சக்கரக் கிராங்குகள் கடைகளிலிருந்து மறைந்து வருகின்றன. சாய்வு வண்டிகளிலும் இதை அப்படியே மாட்டத் தொடங்கியிருக்கிறார்கள். மீண்டும் கடன் வாங்கிய சட்டை! 30 பற்களும் 20 அங்குலச் சக்கரமும் கொண்டால் தாழ்ந்தது 0.89 மீட்டர், மிக நன்று. உயர்ந்தது 4.56 மீட்டர், நிமிடத்துக்கு 90 முறை சுற்றினாலும் மணிக்கு 25 கி.மீ. தாண்டாது. காற்றை வெல்லப் பிறந்த வண்டிக்கு இது போதாது. ஆனாலும் முழங்காலைக் கெடுக்கும் பழைய 30-42-52ஐ விட இதையே நான் தேர்வேன். ஒன்றை மட்டும் வாங்குமுன் குனிந்து பார்த்துவிடுங்கள்: அத்தனை பெரிய பற்சக்கரத்துக்கு வேண்டிய நீண்ட டெரெய்லர் கை, 20 அங்குலச் சக்கரத்தில் தரையிலிருந்து எத்தனை விரற்கடை உயரத்தில் தொங்குகிறது என்று. கல்லும் புல்லும் உள்ள பாதையில் முதலில் அடிபடுவது அதுதான்.